ஏர்லன்ஸ்ரைன் உடையாரின் வாசல்

ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் இருக்கிற பக்கமாய்ப் போய் "இரத்தினவேல்" என்று கேட்டால், எந்த இரத்தினவேல் என்று திருப்பிக் கேட்பார்கள். "கோட்டை இரத்தினவேல்" என்றால் போதும், வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லிவிடுவார்கள். ஆளுக்குக் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. மார்க்கம் நகரில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்று வாளி மூடி எடுக்கிற வேலை. ரூஜ் பக்கம் புதிதாய் எழும்பிய வீடுகளில் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கி, மனைவி அருள்நாயகியோடும் பள்ளிக்கூடம் போகிற மகளோடும் குடியிருந்த மனிதர். பிறகு கோட்டை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், அது அவருடைய வாயிலிருந்து வந்தது.

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எங்களுடைய ஆட்களில் ஊரில் ஒன்றுமில்லாமல் இருந்தவன் என்று ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். பாத்திரம் கழுவுகிறவர் ஊரில் எஞ்சினியர். ராவு ராவாய் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறவர் ஊரில் அரசாங்கக் கந்தோரையே கட்டி ஆண்டவர். அதில் பாதி உண்மை, மீதி குளிருக்குப் போர்த்துகிற போர்வை. இரத்தினவேல் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவர். நல்ல வேலைதான், கைசுத்தமான மனிசனும்கூட. ஆனால் அதை எந்தச் சபையில் எழும்பி நின்று சொல்வது? ஆனபடியால் மனிதர் ஊரைக் கைவிட்டு ஜேர்மனியைப் பிடித்துக்கொண்டார்.

எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் மாறி மேற்கே போய், அகதி என்று கையைத் தூக்கியவரை ஏர்லன்ஸ்ரைன் என்ற சின்ன ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்கு நடுவில் ஒரு மலை. மலை உச்சியில் பழைய கோட்டை. மலையடியில் அந்தக் கோட்டைக்காரரின் குதிரைகள் நின்ற லாயம். அந்த லாயத்தைப் பலகையால் தடுத்து அறைகளாக்கி அகதிகளை இருத்தியிருந்தார்கள். வேலை செய்யக்கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. தின்பது, படுப்பது, வழக்கு முடியும்வரை காத்திருப்பது, இவ்வளவுதான் சோலி. அவருடைய அறையில் இன்னொருவனையும் போட்டார்கள். அவன் பெயர் சீமோன்.

சீமோன் கடற்கரை ஊர்ப் பெடியன். தகப்பன் வலை இழுத்தவர். ஊரில் என்றால் இரத்தினவேலும் அவனும் ஒரு பாயில் இருந்திருக்க மாட்டார்கள். அவருடைய வீட்டு விறாந்தைக்கு அங்கால் அவனை ஏறவிட்டிருக்கவும் மாட்டார்கள், அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேறு பேணி இருந்திருக்கும். சொல்லக் கூச்சமாய்த்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. குதிரை லாயத்தில் அதெல்லாம் எங்கே பார்க்கிறது? ஒரே சட்டியில் சோறு, ஒரே கோப்பையில் தேநீர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடித்த கோட். அது தேவாலயத்தில் சீமோனுக்குக் கொடுத்தது. மலையேறும்போது பாதி வழி அவன் போட்டுக்கொள்வான், மீதி வழி இவர் போட்டுக்கொள்வார்.

மலை ஏறினதும் பக்தியாலும் இல்லை, சரித்திர ஆசையாலும் இல்லை. லாயத்தில் பகலில் ஹீற்றரை நிறுத்திவிடுவார்கள். மேலே கோட்டை மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு அடுப்பு எரியும், ஊர்வாசிகளுக்கு நுழைவு இலவசம். ஆகையால் சனி ஞாயிறுகளில் கோட்டை பார்க்க வருகிற கூட்டத்தோடு கூட்டமாய் இவர்களும் போய் நிற்பார்கள். சிவப்புச் சால்வை போட்ட ஒரு பெண்மணி அறை அறையாய்க் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்லுவாள். சீமோனுக்கு வாய் மட்டுமில்லை, காதும் பொல்லாத காது. மூன்று மாதத்துக்குள் ஜேர்மனைப் பிடித்துவிட்டான். இரத்தினவேலுக்கோ 'நன்றி'க்கும் 'பாண்'க்கும் அப்பால் ஒன்றும் ஏறவில்லை. அவள் ஜேர்மனில் சொல்லச் சொல்ல, பின்னால் நின்று இவருடைய காதுக்குள் சீமோன் தமிழில் சொல்லுவான். இரத்தினவேல் அறிந்த கோட்டைச் சரித்திரம் முழுக்க அப்படிச் சீமோனின் வாயால் வந்து சேர்ந்தது.

'கிராஃப்' என்று அவள் சொன்னதை எப்படித் தமிழாக்குவது என்று முதல் நாளே சீமோன் யோசித்துவிட்டு, "அண்ணை, உது ஊரை ஆண்ட எங்கடை உடையார் மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிய உடையார்" என்றான். அன்றிலிருந்து அவர்கள் ஏர்லன்ஸ்ரைன் உடையார்கள் ஆனார்கள்.

முதலாவது உடையார் ரூப்றெக்ற். மலைக்குக் கீழே உப்பு வண்டிகள் போகிற பாதை. அதற்குக் குறுக்கே ஒரு மரத்தைப் போட்டு, காசு தந்தால் போ, தராவிட்டால் கோபுரத்துக்குள் இரு என்று தொடங்கியவன். சோதனைச் சாவடி போட்டே அரசனானவன் என்று சீமோன் சொல்லுவான். அவன் மகன் பயந்த சுபாவம். தகப்பன் பறித்த காசில் ஒரு சிற்றாலயம் கட்டி, தகப்பனின் ஆத்துமாவுக்குத் தினமும் பூசை வைத்தான். மூன்றாவது உடையாரின் மனைவி இர்ம்கார்ட் என்கிறவள் பெரிய கெட்டிக்காரி. புருசன் அரசனோடு சண்டைக்குப் போயிருந்த நேரம் எதிரி வந்து மலையைச் சுற்றி வளைத்துக்கொண்டான். கிணற்றில் தண்ணீர் அடி தட்டிவிட்டது. இவள் இருந்த கடைசித் தண்ணீரில் படுக்கை விரிப்புகளை எல்லாம் தோய்த்து மதில் நெடுகக் காயப்போட்டாள். தண்ணீர் இல்லாத வீட்டில் யாராவது வெள்ளை தோய்ப்பார்களா என்று எதிரி மூட்டையைக் கட்டினான். மண்டபச் சுவரில் இவர்களுடைய வம்ச மரம் கிளை கிளையாய் வரைந்திருக்கும். அதைக் காட்டி சீமோன் ஒருநாள் சிரித்தான். ஆருக்கு ஆர் பிறந்தது என்று பார்க்கிற வியாதி எங்களுக்கு மட்டுமில்லை, இவங்கள் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறாங்கள் என்றான். இரத்தினவேலும் சேர்ந்து சிரித்தார்.

எல்லாவற்றிலும் இரத்தினவேலின் நெஞ்சைப் பிடித்தது கொன்றாட், ஒட்டோ என்ற அண்ணன் தம்பி கதைதான். மூத்தவன் கொன்றாட் சிலுவைப் போருக்குப் போனான். வருசக்கணக்காய் ஆளுமில்லை, சேதியுமில்லை. தம்பி ஒட்டோ உடையாராய் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒரு மாரிகாலத்தில், பனி கொட்டுகிற நேரம், தாடியும் கந்தலுமாய் ஒருவன் வந்து வாசலில் நின்று நான்தான் கொன்றாட் என்றான். ஒட்டோ விளக்கோடு இறங்கி வந்து முகத்தைப் பார்த்தான். "எங்கையோ கண்ட முகம். ஆனால் ஆளைத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். விடிய வாசற் கல்லில் கொன்றாட் விறைத்துப்போய் இருந்தான். அந்தக் கல்லிருக்கை இன்றும் வாசலில் இருக்கிறது. சீமோன் இதைச் சொன்ன அன்று இரத்தினவேல் அந்தக் கல்லில் உட்கார மறுத்துவிட்டார். ஒட்டோவைத் திட்டித் திட்டியே மலை இறங்கினார். சீமோன் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை.

எண்பத்தெட்டில் ஏஜென்சிக்காரன் ஒருவன் வழி காட்ட, இரத்தினவேல் கனடாவுக்குப் புறப்பட்டார். சீமோன் தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டான். கனடாக் குளிர் இதைவிட மோசமாம், கொண்டு போங்கோ என்றான். நீ என்ன செய்வாய் என்று இவர் கேட்டார். லாயத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறேன் என்றான். இரண்டு பேரும் அழுதார்கள். போய்ச் சேர்ந்ததும் உன்னையும் கூப்பிடுவேன் என்று இரத்தினவேல் சத்தியம் செய்தார். மனப்பூர்வமாய்த்தான் செய்தார், அதில் பொய் இல்லை.

பொய் பிறகுதான் வந்தது, அதுவும் ஒரேயடியாய் வரவில்லை. முதல் வருசம், நானும் சீமோன் என்று ஒரு பெடியனும் கோட்டைக்குப் போவோம் என்று தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வருசம் 'நாங்கள் போவோம்' ஆயிற்று. அதற்கடுத்த வருசம் 'நான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்' ஆயிற்று. மனைவியும் மகளும் வந்து சேர்ந்து, வீடும் வாங்கிய காலத்தில் இரத்தினவேல் ஏர்லன்ஸ்ரைன் கோட்டையில் உத்தியோகபூர்வ கைட்டாய் மூன்று வருசம் வேலை பார்த்தவராகிவிட்டார். பிறந்தநாள் விழா, பூப்புனித நீராட்டு, ஊர்ச் சங்க ஒன்றுகூடல், எங்கே போனாலும் அவரைப் பிடித்து இருத்தி உடையார் கதை கேட்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, மனிசன் அழகாய்த்தான் சொல்லுவார். 'ஆளைத் தெரியாது' என்ற இடத்துக்கு வரும்போது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். இப்படியும் ஒரு மனிசனா என்று ஒட்டோவைக் காறித் துப்பாதவர் இல்லை. சீமோன்தான் கதையில் எங்கேயும் இல்லை. அவனைக் கூப்பிடுகிற பேச்சும் வரவர மறந்து போயிற்று.

தொண்ணூற்றேழு சித்திரை மாதம், வெக்ஸ்போர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரத்தினவேலின் தோளைப் பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. திரும்பினார். முன்மண்டை வழுக்கை விழுந்து, கன்னம் ஒட்டி, ஆனால் அதே சிரிப்பு. அண்ணை என்று கட்டிப்பிடித்துக்கொண்டான் சீமோன். ஜேர்மனியில் வழக்கு பன்னிரண்டு வருசம் இழுத்துக் கடைசியில் தோற்றுப்போய், திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றதும் இங்கே பாய்ந்து வந்திருக்கிறான். வந்து மூன்று கிழமை. அங்கேயே பக்கத்து மாடிக் கட்டடத்தில், தனியாட்கள் இருக்கிற அப்பார்ட்மென்ற் ஒன்றின் ஹோலில், சுவரோரமாய்ப் படுக்கிறான். அவர்களும் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள். "உங்களிட்டை பேஸ்மென்ற் கிடக்கெண்டு கடைக்காரர் சொன்னார் அண்ணை. ஒரு மூலை எனக்குக் காணும். வேலை எடுத்தவுடனை வாடகை தந்திடுவன்" என்றான்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் இரத்தினவேல். அவருடைய வீட்டு பேஸ்மென்ற் அப்போது சும்மா கிடந்தது. பக்கத்துக் கதவு தனியே, குளியலறை தனியே, ஒரு கட்டிலும் கிடந்தது. அருள்நாயகியிடம் கேட்டார். மனைவி மறுப்பாள், அந்தச் சாட்டை வைத்துத் தப்பிக்கலாம் என்று மனதின் ஒரு மூலையில் ஒரு எண்ணம். அவளோ கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "சீமோனோ? உங்களுக்கு அந்தக் குளிர்க் கோட்டைத் தந்த பெடியனோ? இதையும் என்னட்டைக் கேக்க வேணுமோ?" என்றாள். அன்றைக்கே கீழே இறங்கி, கட்டிலைத் துடைத்துப் புது விரிப்பு விரித்தாள். அலுமாரியில் தொங்கிய அந்தக் கோட்டையும் எடுத்துத் தூசு தட்டி வைத்தாள்.

இரத்தினவேலுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். இரண்டு கஷ்டம். ஒன்று, சீமோன் வந்து குடியேறினால் கைட் வேலை அன்றோடு சரி, ஊர் சிரிக்கும். மற்றது, வாய்விட்டுச் சொல்ல முடியாதது. அந்த மாதக் கடைசியில் ஊர்ச் சங்க ஒன்றுகூடல். தலைவர் பத்மநாதன் மாஸ்டர் விலகுகிறார், அடுத்த தலைவர் இரத்தினவேல்தான் என்று பேச்சு. பத்மநாதன் மாஸ்டர் ஊரில் தலைமையாசிரியராய் இருந்தவர். ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி 'எவடம்?' என்பதுதான். ஊரைக் கேட்டு, ஒழுங்கையைக் கேட்டு, தகப்பன் பெயரைக் கேட்டு, வாயால் சாதி என்ற சொல்லே சொல்லாமல் சாதியைப் பிடித்துவிடுவார். அவர் மாதம் ஒருமுறை இரத்தினவேல் வீட்டுக்கு வந்து போகிறவர். பேஸ்மென்றில் இருக்கிறது ஆர் என்று கேட்டால் என்ன சொல்வது? வழுக்கை விழுகிற வயதில், பனி கொட்டுகிற தேசத்தில், அந்தப் பழைய பேணியை மனிதர் இன்னும் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஒன்றுகூடல் முடியட்டும், பிறகு கூப்பிடுவோம் என்று நினைத்தார். சீமோன் இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தபோதும் அடுத்த கிழமை என்றார். அருள்நாயகி கேட்டபோது, அவன் வேலை தேடித் திரிகிறான், வருவான் என்றார்.

ஒன்றுகூடல் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பிள்ளைகளின் நடனம் முடிந்து, இரத்தினவேலின் பெயரைக் கூப்பிட்டார்கள். 'ஐரோப்பியக் கோட்டைகளும் உடையார்களும்' என்பது தலைப்பு. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தவருக்கு முதல் வரிசை கண்ணில் பட்டது. அங்கே, இரவல் வாங்கிய பெரிய கோட் சூட்டுக்குள், முகமெல்லாம் பல்லாக, சீமோன் உட்கார்ந்திருந்தான். கடையில் ஒட்டிய அறிவித்தலில் அண்ணையின் பெயரைக் கண்டு வந்திருக்கிறான்.

என்ன செய்வது. தொடங்கியாயிற்று. நான் கைட்டாய் நின்ற காலத்தில் என்று வழக்கமாய்த் தொடங்குகிற வரி, நிறுத்த முதலே வாயிலிருந்து வந்துவிட்டது. சீமோன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு, சரி சொல்லுங்கோ என்பதுபோலத் தலையை ஆட்டிச் சிரித்தான். ரூப்றெக்ற் வந்தான், சோதனைச் சாவடி வந்தது. இரத்தினவேல் பகிடியைச் சொல்லி முடிக்க முதல் சீமோன் சிரித்தான். இர்ம்கார்ட் விரிப்புக் காயப்போட்டபோது அவனுடைய உதடுகள் இவருடைய சொற்களோடு கூடவே அசைந்தன. ஒரு சொல் தப்பவில்லை, ஏனென்றால் எல்லாம் அவனுடைய சொல். பிடிபட்ட கள்ளனுக்குக்கூட அடி விழும், முடிந்துவிடும். இங்கே களவு கொடுத்தவனே முன்வரிசையில் இருந்து கைதட்டுகிறான். ஒட்டோ கதை வந்தபோது மட்டும் சீமோன் தட்டவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்டபம் கண்ணைத் துடைத்தது.

முடிந்ததும் தேநீரும் றோல்ஸும். பத்மநாதன் மாஸ்டர் இரத்தினவேலின் தோளில் தட்டி, அடுத்த வருசம் நீர்தான் தலைவர், எல்லாரும் ஒத்துக்கொண்டாயிற்று என்றார். நாலு பேர் சுற்றி நின்று கை கொடுத்தார்கள். அந்த நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு பேப்பர்க் கோப்பைத் தேநீரோடு சீமோன் வந்தான். ஒன்றை இரத்தினவேலை நோக்கி நீட்டினான். மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உவர் ஆர், இரத்தினவேல்? முன்னுக்கிருந்து நீர் சொல்ல முன்னம் சிரிச்சுக்கொண்டிருந்தார். உம்மடை ஆளோ? எவடம்?"

நாலு பேரும் சீமோனைப் பார்த்தார்கள். சீமோன் இரத்தினவேலைப் பார்த்தான், அதே சிரிப்போடு, அண்ணை இப்போது சொல்லப் போகிறார் என்ற சந்தோசத்தோடு. இரத்தினவேலின் வாய் திறந்தது. வருசக்கணக்காய் ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிய பாவி வாய்.

"எங்கையோ கண்ட முகம் மாதிரிக் கிடக்கு மாஸ்டர். ஆளைத் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. சீமோன் நீட்டிய கோப்பையைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டான். அவன் முகம் சுருங்கவில்லை, குரலும் உயரவில்லை. மாஸ்டரைப் பார்த்துத் தலையைக் குனிந்தான்.

"ஓம் ஐயா, நான்தான் ஆளை மாறிட்டன். இவர் பேசினது நல்லாயிருந்தது, அதைச் சொல்லத்தான் வந்தனான்."

இரண்டு கோப்பைகளையும் பக்கத்து மேசையில் மெதுவாய் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தான். மாஸ்டர் வேறு கதைக்குப் போய்விட்டார். இரத்தினவேல் ஆறிப்போகிற அந்தத் தேநீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம், வாசல் இருபது அடி தூரம்கூட இல்லை. புதுத் தலைவர் என்று அவருக்கு மாலை போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டார்.

றோல்ஸ் தட்டோடு நின்ற அருள்நாயகி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். காரில் ஏறியதும் ஒரேயொரு கேள்வி கேட்டாள். "உது சீமோன்தானே? நீங்கள் ஜேர்மனியிலை இருந்து அனுப்பின படத்திலை அந்தக் கோட்டோடை நிண்ட பெடியன்?" இரத்தினவேல் காரைக் கிளப்பினார். அவள் பிறகு வீடு வரைக்கும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். அந்தக் கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் கோட்டை அண்ணை என்று ஆராவது கூப்பிட்டால் முதுகில் ஆரோ அடித்தது போல உடம்பு கூசியது. கண்ணாடியில் முகம் வழிக்கும்போதுகூடத் தன் கண்ணைத் தானே பார்க்காமல் வழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சீமோனின் கட்டடத்துக்குப் போனார். கதவைத் தட்டுவதா திரும்பிப் போவதா என்று அந்த நடையில் நெடுநேரம் நின்றார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்த பிறகுதான் தட்டினார். ஒரு தரம்தான் தட்டினார், உடனே கதவு திறந்தது. சீமோன்தான் நின்றான். ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை.

"வாங்கோ அண்ணை. வெளியிலை ஏன் நிக்கிறியள்?"

ஹோலில் ஐந்தாறு மெத்தைகள் சுவரில் சாத்தியிருந்தன. ஒரு பழைய நாற்காலியைத் துடைத்து அவரை இருத்தினான். கேட்காமலே தேநீர் போட்டான், அவருக்குப் பிடித்த மாதிரி சீனி கூட. இரத்தினவேல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஊரெல்லாம் கதை சொன்ன வாயில் கடைசியில் வந்தது இதுதான்: "வீட்டை வா, சீமோன். கட்டில் போட்டுக் கிடக்கு."

"வேண்டாம் அண்ணை. இவங்கள் இருக்கச் சொல்லிட்டாங்கள். வேலையும் ஒண்டு கிடைக்கும் போலை. இது காணும்."

"என்னிலை கோவமோ?"

சீமோன் யோசித்தான். "கோவமில்லை. அவ்வளவு பேருக்கு முன்னாலை உங்களைப் பாக்க எனக்கு வெக்கமாப் போச்சு. அதுதான் கெதியா வெளிக்கிட்டனான்."

இரத்தினவேல் தலையைக் குனிந்தார். அவனுக்கு வெட்கமாம். வெட்கப்பட வேண்டியவனுடைய வெட்கத்தையும் அவனே சுமந்துகொண்டு மண்டபத்தை விட்டுப் போயிருக்கிறான். பிறகு சீமோனே தொடங்கினான்.

"அண்ணை, ஒண்டு சொல்லவேணும். கனகாலமாச் சொல்லாமல் விட்டது. உந்த ஒட்டோ கதை உண்மையில்லை. ஒட்டோ கதவைத் திறந்தவன்."

இரத்தினவேல் நிமிர்ந்தார்.

"அந்தச் சிவப்புச் சால்வை மனிசி சொன்னது அதைத்தான். எனக்கு அண்டைக்கே நல்லா விளங்கினது. தமையன் கந்தலோடை வந்து நிக்க, தம்பி இறங்கி வந்து கட்டிப்பிடிச்சு, அந்தக் கல்லிலை இருத்தி, கோட்டைத் திறப்புக் கொத்தை எடுத்து மடியிலை வைச்சவன். வைச்சிட்டு, கீழை மில்லிலை போய் இருந்து சாகுமட்டும் மா அரைச்சவனாம். அதுக்குத்தான் அந்தக் கல்லை இண்டைக்கும் வைச்சிருக்கிறாங்கள்."

"பிறகு ஏனடா எனக்கு மாத்திச் சொன்னனீ?"

சீமோன் தேநீரைக் குடித்து முடித்தான். "அதுக்கு முதல்நாள்தான் பாரிசிலை இருக்கிற என்ரை தமையனுக்கு போன் எடுத்தனான். வரட்டோ எண்டு கேக்க. எந்தச் சீமோன் எண்டு கேட்டிட்டு வைச்சிட்டான். அண்டைக்கு, ஒருத்தன் கதவைத் திறந்தான் எண்டு என்ரை வாயாலை சொல்ல ஏலாமல் கிடந்தது. நாளைக்கு உண்மையைச் சொல்லுவம் எண்டு விட்டன். நீங்கள் அவனைத் திட்டிக்கொண்டு வந்ததைப் பாக்க எனக்கு ஆறுதலா இருந்தது அண்ணை. எனக்காகத் திட்டுற மாதிரி. அதாலை பிறகும் சொல்லேல்லை."

இரத்தினவேல் எழும்பினார். கோட்டை நாற்காலியில் வைத்தார். சீமோன் அதை எடுத்துத் தடவிப் பார்த்து, இன்னும் நல்லாயிருக்கு என்றான். லிஃப்ற் வரைக்கும் கூட வந்து வழியனுப்பினான். சீமோன் பிறகு வேலை எடுத்து, ஒரு அறை எடுத்து, வெக்ஸ்போர்ட்டிலேயே இருந்தான். கடையில் கண்டால் அண்ணை சுகமோ என்று கேட்பான். பக்கத்தில் ஆராவது நின்றால் கேட்கமாட்டான். முந்திக்கொண்டு கூப்பிடலாம் என்று இரத்தினவேல் நினைப்பதற்குள் அவன் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

தலைவர் பதவியை இரத்தினவேல் வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டார். கதையும் அத்தோடு சரி. எத்தனையோ பேர் கேட்டார்கள், எல்லாம் மறந்துபோச்சு என்றார். உண்மைக் கதையைச் சொல்ல ஒருமுறை முயன்று பார்த்தார், ஒட்டோ விளக்கோடு இறங்கி வருகிற இடத்தில் எழும்பி வெளியே போய்விட்டார். ரூஜில் வீடு வாங்கினதும் மனிசனுக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசியது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பேஸ்மென்றை வாடகைக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அருள்நாயகி கொடுக்க மறுத்துவிட்டாள். வங்கிக்குக் கட்டுகிற காசு இறுக்கமாய் இருந்த மாதத்திலும் மறுத்தாள். மாதத்துக்கு ஒருமுறை கீழே இறங்கி, ஒருவரும் படுக்காத அந்தக் கட்டிலின் விரிப்பைக் கழற்றித் தோய்த்துக் காயவைத்து மறுபடி விரிப்பாள். அடுத்த மாரி தொடங்குகிற நேரம், ஒருநாள் பொறுக்க முடியாமல் இரத்தினவேல் படியில் நின்று, ஆர் வரப்போகினம் என்று இதைச் செய்கிறாய் என்று கேட்டார்.

அவள் விரிப்பின் மூலையை மெத்தைக்குக் கீழே செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒருத்தரும் வரமாட்டினம். வந்தால் திறக்கிற வீடு எண்டு எனக்காவது தெரியவேணும்."